எந்நாளும் திறந்திருக்கும்

தலைமன்னார் பியர் இறங்குதுறையில் இருந்து இப்போது இந்தியாவுக்குக் கப்பல் எதுவும் போவதில்லை. ஆனாலும் வான் வண்டிகளில் ஆட்கள் வருகிறார்கள். கடலைப் பார்க்கிறார்கள். கைத்தொலைபேசியில் இந்திய அலைவரிசை விழுந்ததும் ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிக்கிறார்கள். பிறகு பசியோடு திரும்புகிறார்கள். அந்தப் பசிதான் என் பிழைப்பு. பத்திரிகை வேலையை விட்டபின், பியருக்குப் போகும் வீதிக் கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் ராத்தா, அதாவது அக்கா, என்று அழைக்கும் முஸ்லிம் பெண் தனியே நடத்தும் சாப்பாட்டுக் கடையின் வாசல் பலகைக்கு எழுதியது இது: "இந்தியாவுக்கு முன் கடைசிச் சோறு. எந்நாளும் திறந்திருக்கும்." வாசித்துப் பார்த்து, "நல்லாயிருக்கு தம்பி" என்றார். அப்போது மழைக்காலம். நோன்பு மாதம் எங்கள் இருவர் நினைவிலும் இல்லை.

நோன்பு தொடங்கிய கிழமை அந்த வழியால் போனேன். மற்ற முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள் வழக்கம்போலப் பகலில் பூட்டியிருந்தன. ராத்தாவின் வாசலில் மட்டும் ஒரு சேலை திரையாகத் தொங்கியது. உள்ளே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எதிர்க் கடைக்காரர் தன் பூட்டிய கதவின் முன் நின்று கூப்பிட்டார்: "என்ன ராத்தா, உங்கட பலகைக்கு நோன்பு இல்லையோ?"

"பலகைக்குப் பசிக்காது நானா. அதைப் பாத்திட்டு வாறவங்களுக்குப் பசிக்குது."

உள்ளே போனேன். அவருடைய உதடு வெடித்திருந்தது. மற்ற வருடங்களில் நோன்புப் பகலைக் குர்ஆன் ஓதுவதற்கென்றே வைத்திருப்பவர் அவர். என்னுடைய 'எந்நாளும்' என்ற ஒரு சொல் அந்தப் பகலை அடுப்படிக்குக் கொண்டுவந்திருந்தது.

"இண்டைக்கே அந்த வரியை அழிச்சு விடுறன் ராத்தா."

"பலகையை அழிப்பீங்கள். வந்ததுகள் படம் எடுத்து ஊருலகத்துக்கெல்லாம் அனுப்பியிருக்குதுகளே, அதை எதால அழிப்பீங்கள்? நம்பி இவ்வளவு தூரம் வாறதுகளைப் பட்டினியாத் திருப்ப எனக்கு ஏலாது."

நான் அடுப்பருகே போய் நின்றேன்.

"ஒரு உதவி செய்யுங்கோ" என்றார். "கறியை நுனிநாக்கில வச்சுப் பாத்திட்டுத் துப்பலாம் எண்டு சொல்லுவினம். எனக்கு மனம் வரேல்ல. நேற்று உப்பில்லாமப் போச்சு. உங்களுக்கு நோன்பில்லைதானே?"

நான் கத்தோலிக்கன். தவக்காலம்தான், ஆனால் பகலில் மீன் சாப்பிடத் தடையில்லை.

அகப்பையால் என் உள்ளங்கையில் பாரைமீன் குழம்பை விட்டார். நக்கினேன். "உப்புக் காணாது ராத்தா." உப்புப் போட்டுக் கிளறி மீண்டும் விட்டார். அப்போதும் காணாது. பானையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த தடவை சரியாக வந்தது. உறைப்பு தொண்டையில் நின்றது. தண்ணீர்க் குடம் பக்கத்திலேயே இருந்தது. நான் தொடவில்லை.

"குடியுங்கோ தம்பி. நீங்கள் குடிக்காட்டி என்ர தாகம் குறையப் போறேல்ல."

முதுகைக் காட்டிக்கொண்டு நின்று குடித்தேன். வெளியே ஒரு வான் வந்து நின்றது. ராத்தா திரையை விலக்கி, "வாங்கோ, வாங்கோ" என்று அவர்களை அழைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் பதினொரு மணிக்கு முன்னம் வாங்கோ."

"வாறன்" என்றேன். நோன்புப் பெருநாள் வரை ஒரு நாளும் தவறாமல் போய், நோன்பிருந்த அவர் முன் நின்று சாப்பிட்டேன்.