இடையில் ஒன்பது மணி நேரம்

எங்கள் டிக்கெட் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரருக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். இப்போது யாராவது தூரம் கேட்டால் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறார். போன வருடம் வரை அப்படி இல்லை. எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எத்தனை மணி நேரம் என்று பார்க்காமலே ஒப்பிப்பார். இத்தனைக்கும் மனிதர் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. இருபத்தாறு வருடமாக அந்தப் பெருமையில்தான் காலம் ஓடியது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பறக்கும் நேரத்தை வாய் நிறையச் சொல்வோம். நடுவில் விமானம் மாறக் காத்திருக்கும் நேரத்தை, டிக்கெட் போட்ட பிறகு போகிற போக்கில் சொல்வோம். முதலிலேயே சொன்னால் வந்தவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை.

ஸ்கேலின் அம்மா இறந்த அன்று, வெளிநாட்டில் இருந்த அவருடைய அக்காவுக்கு நான்தான் டிக்கெட் போட்டு இவர் போனுக்கு அனுப்பினேன். இவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அக்கா எப்பப்பா வருவா?" என்று சித்தப்பா கேட்டதும் பழக்கதோஷம் வந்துவிட்டது.

"பதினோராயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கெல்லாம் வீட்டுல இருப்பா."

அதை நம்பி மறுநாள் மதியம் அடக்கம் என்று முடிவானது.

மறுநாள் நான் போனபோது மணி பதினொன்று. அக்காவைக் காணோம். ஸ்கேல் வாசலில் நின்று, அப்போதுதான் டிக்கெட்டைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இடையில் ஒன்பது மணி நேரக் காத்திருப்பு; டிக்கெட்டை அனுப்பியபோது அதைத் தனியாகச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. தரையிறங்குவது மாலை ஆறு மணிக்கு மேல்.

"சொல்லிடுங்க," என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? ஊருக்கெல்லாம் சரியாச் சொல்லிட்டு, சொந்த அம்மா சாவுல கோட்டை விட்டேன்னா?"

அதற்குள் சித்தப்பா வந்துவிட்டார். "பிளைட் லேட்டு சித்தப்பா. எப்ப வரும்னு தெரியல," என்றார் ஸ்கேல்.

மாலை ஏழரைக்கு வந்துவிடுவாள் என்று சொல்லியிருந்தால் நிச்சயம் காத்திருந்திருப்பார்கள். எப்போது என்றே தெரியாவிட்டால் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது? மூன்று மணிக்கு எடுத்துவிட்டார்கள். எல்லாம் தெரிந்த நான் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஏழரைக்கு அக்கா பெட்டியோடு வந்தார். கூடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். தரை இன்னும் காயவில்லை.

சித்தப்பா பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். "பிளைட் லேட்டுன்னு தம்பி சொன்னான்மா. அதுக்கு மேல எங்களால வச்சிருக்க முடியல."

அந்த விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. அதில் வந்தவருக்குத் தெரியாதா? அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி ஈரத்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சித்தப்பா," என்றார் அக்கா. "ரொம்ப லேட்டு."