கனம் பார்த்து வாங்கிய பேட்டரி

பேட்டரியை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கித் தூக்கிப் பார்க்கிறார் எங்கள் கட்டட மேனேஜர். கத்தரிக்காய் வாங்குகிறவர்கூடத் திருப்பிப் பார்த்து வாங்குவார். இவரோ மேலே எழுதியிருக்கும் ஒரு எழுத்தையும் படிப்பதில்லை. கனம் இருந்தால் போதும். "எத்தனை பேட்டரி பாத்த கை இது!" என்பார்.

மாடிப்படியின் அவசர விளக்குகளுக்கும் பச்சை எக்ஸிட் பலகைகளுக்கும் பேட்டரி மாற்றுவது அவர் பொறுப்பு. பெட்டிக்குள் நுழைந்தால் அதுதான் சரியான பேட்டரி. நுழையாவிட்டால் அமுக்கி நுழைப்பார். பேட்டரி தூக்கிவர என்னையும் கடைக்குக் கூட்டிப்போனபோது, கடைக்காரர் என் எதிரிலேயே சொன்னார்: "சார், இது பழைய சரக்கு. ரொம்ப நேரம் தாங்காது."

"தீப்பிடிச்சா எவன்யா ரொம்ப நேரம் நின்னு வேடிக்கை பாப்பான்? ஓட வேண்டியதுதானே!"

சொல்லிவிட்டு ஒரு மேதாவிச் சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் மட்டும் இல்லாவிட்டால் இந்த மனிதரை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

மூன்றாம் மாடியில் எங்கள் தையல் கூடம். படிக்கட்டில் ஜன்னலே கிடையாது, பட்டப்பகலிலும் கும்மிருட்டு. தைக்கிற பெண்களில் ஒருத்தி நிறைமாதக்காரி. அவளை நினைத்துத்தான் மேற்பார்வை அக்கா கேட்டாள்: "சார், ஒருதடவை மெயினை ஆஃப் பண்ணிட்டு, எவ்ளோ நேரம் எரியுதுன்னு பாத்துடலாமே?"

மேனேஜர் விளக்கின் டெஸ்ட் பட்டனை அமுக்கினார். பளிச்சென்று எரிந்தது. உடனே விரலை எடுத்துவிட்டார். "எரிஞ்சுதா இல்லையா? சும்மா எரியவிட்டா பேட்டரி வீணாப் போயிடும்மா." ஆபத்துக்கு வாங்கியதை ஆபத்து வரைக்கும் சேமிக்கிறாராம்!

போன வாரம் கீழ்த்தளத்தில் ஏதோ ஒயர் கருகி, புகை வாடையோடு கரண்ட் போயிற்று. அவசர விளக்குகள் எரிந்தன. மேனேஜர் படி உச்சியில் நின்று, "பாத்தீங்களா? என்னமோ சொன்னீங்களே!" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். பெண்கள் இறங்கத் தொடங்கினார்கள். பாதிப் படி தாண்டுவதற்குள் விளக்குகள் மங்கி அணைந்தன. எக்ஸிட் பலகைகளும் போயின. கூடத்துக்குள் போன் கொண்டுவரக் கூடாதென்பது விதி, அதனால் எங்கள் யார் கையிலும் வெளிச்சமில்லை.

"யாரும் தள்ளாதீங்கடி!" என்று அக்கா கத்தினாள். நிறைமாதக்காரி சுவரோடு ஒட்டிக்கொண்டு, "படி தெரியலக்கா, பயமா இருக்குக்கா" என்று அழுதாள்.

மேலிருந்து ஒரு வெளிச்சம் வந்தது. மேனேஜரின் போன். "கொஞ்சம் ஒதுங்கும்மா" என்று சொல்லி, வெளிச்சத்தைத் தன் காலடிக்கு நேராகப் பிடித்தபடி அவளைத் தாண்டி இறங்கிப் போனார்.