பத்து கிலோ ஓம் குப்பை

ஆயுத பூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்கிறேன் என்று என் கணவர் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரம்பலூரில் சோலார் பம்புக்கான கண்ட்ரோலர் பெட்டிகளைப் பழுது பார்க்கிறோம். பார்க்கிறோம் என்ன, பார்ப்பது நான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவளும் நான்தான். அவர் முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவார்.

அந்த வருடம் அவர் பழைய இரும்பு வண்டிக்காரரிடம் தூக்கிக் கொடுத்தது என் ரெசிஸ்டர்களை. அரியலூரில், சிமெண்ட் ஆலைக் கழிவு வந்து இறங்கும் ஒரு காயலான் கடையில் இடுப்பொடியப் பொறுக்கியவை. பீங்கான் குழாய்மேல் கம்பி சுற்றி, விரல் நீளத்தில் இருக்கும். பத்து கிலோ ஓம், ஐம்பது வாட். மழைக்காலத்தில் ஒன்றைக் கரண்டில் மாட்டி அலமாரிக்குள் வைத்தால் மெல்லச் சூடேறும், போர்டுகளில் ஈரம் பிடிக்காது. அதைவிடப் பெரிய உபயோகம் ஒன்று உண்டு. பெட்டிக்கு வரும் கரண்டை நிறுத்தினாலும் உள்ளே கெப்பாசிட்டர் நானூறு, ஐந்நூறு வோல்ட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கும். ரெசிஸ்டரில் வயர் வைத்து கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் பிடித்தால், அத்தனையும் சத்தமில்லாமல் சூடாக வெளியேறிவிடும். ஓரிரு நிமிடம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்கு அவை வெறும் கல், குப்பை. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத பெரிய ஸ்பானருக்கு மட்டும் சந்தனம், குங்குமம், பூ. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

பூஜைக்கு மறுநாள் குன்னத்திலிருந்து ஒரு விவசாயி பெட்டியோடு வந்தார். சின்ன வெங்காயம் தண்ணீரில்லாமல் வாடுகிறது, சீக்கிரம் பாருங்கள் என்றார். திறந்து மீட்டரை வைத்தேன். நானூறுக்கு மேல் காட்டியது. ரெசிஸ்டரைத் தேடினேன். காணோம். கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கத்தினேன். வெளி ஆள் முன்னால் நான் கத்தியது அவருக்குத் தலைக்குனிவாகப் போய்விட்டது. எதிர்க் கடையில் இரண்டு குண்டு பல்பு வாங்கி வந்து உள்ளே இருக்கும் கரண்டை அதில் இறக்கிவிடுகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று அவரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு எழுந்தேன்.

வாசலைத் தாண்டவில்லை, வெடி வெடித்த மாதிரி சத்தம். என் கணவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டிருக்கிறார். நுனி உருகித் தெறித்து, ஒரு துளி அவருடைய கண் இமையைப் பொசுக்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில், பார்வைக்குப் பாதகமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை எனக்குப் பயம்தான். சொன்னதும் கோபம் வந்துவிட்டது. கெப்பாசிட்டர் தானாக வெடித்துவிட்டது என்று அவர் டாக்டரிடம் கதை அளந்துகொண்டிருந்தார்.

கண்ணில் கட்டோடு வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்.

"போன நாலு கல்லுக்காவா மூஞ்சிய இப்புடி தூக்கி வச்சிருக்க? வேற வாங்கிக்கலாம், வுடு."

"கல்லு போனதுக்கு இல்லங்க. தொடாதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். அதையே ஒரு ஆம்பள மெக்கானிக் சொல்லியிருந்தா கை வச்சிருப்பீங்களா?"

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவர், என் பக்கம் திரும்பாமல், "வச்சிருக்க மாட்டேன்" என்றார்.