இரண்டு நாள் வெயில்

காந்திபுரத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கொரோனா சமயத்தில் என் கடையில் ஒருவருக்குத் தொற்றினாலும், "பாய் கடையிலதான் வந்துச்சு" என்று ஊரே பேசும் எனப் பயந்தேன். அதனால் எந்த வண்டியையும் இரண்டு நாள் வெயிலில் நிறுத்திவிட்டுத்தான் தொடுவேன்.

ஒரு நர்ஸ், ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதையும் வெயிலில் நிறுத்தச் சொன்னேன். பஸ் ஓடாத நேரம். மறுநாள் டியூட்டி முடிந்து நடந்தே வந்தவர், எட்டி நின்று கேட்டார்.

"ஏனுங்க பாய், வண்டி இன்னும் காயலீங்களா?"

எனக்குக் கூசிவிட்டது. உடனே திறந்து பார்த்தேன். பிளக் ஒயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். மாட்டிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரில உங்களுக்குப் பயமா இல்லீங்களா அம்மணி?"

"இருக்குதுங்க. அதுக்குன்னு பேஷன்டை வெயில்ல நிறுத்த முடியுங்களா?"

சிரித்துக்கொண்டே கிளம்பினார். அடுத்த வண்டி வந்தபோது, கிளவுஸை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.