ஹாரன் இல்லாமல் ராயபுரம் வரை

வேதமாணிக்கம் வேலை பார்த்த குழாய் கம்பெனிக்காரர்கள் புது வண்டி வாங்கியதும் பழையதை அவர் தலையிலேயே கட்டினார்கள். எண்ணூர் முகத்துவாரத்து மணலிலும் அனல்மின் நிலையச் சாம்பல் மேட்டிலும் பல வருஷம் அவரே ஓட்டிய வண்டி அது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கொஞ்ச நாளில் அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அதில் வாடகைக்கு ஆள் ஏற்றுகிறார். மனைவி ஃப்ளோராவை டயாலிசிஸுக்கு ராயபுரம் கூட்டிப்போகும் நாட்களில் மட்டும் வாடகை கிடையாது. வள்ளூர்ப் பக்கம் அவர்கள் தெருவில் மழை வந்தால் சேறு, வெயிலில் சாம்பல். ஆட்டோ உள்ளே வராது. அதனால் உடம்பு எவ்வளவு அசந்தாலும் வண்டியை அவர் கவனிக்காமல் விடுவதில்லை. ஏர் ஃபில்டரைத் தட்டிச் சாம்பலை உதிர்ப்பார். அடியில் படுத்து முன் ஷாஃப்டுக்கு கிரீஸ் அடிப்பார். நாலு டயரும் ஒரே அளவாகத் தேயாவிட்டால் கியர் பக்கம் கெட்டுப்போகும் என்று டயர்களை இடம் மாற்றிப் போடுவார். போன மாதம் இடுப்பு வலியில் குனிய முடியாததால் இந்த வேலை எதுவும் நடக்கவில்லை.

அன்று நல்ல வெயில். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அப்படியே நின்றுவிட்டன. திருவொற்றியூர் வருவதற்குள் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. ஏசியை அணைத்தார். முள் இறங்கவில்லை. ஹீட்டரை முழுசாகத் திருகினார்.

"இன்னாய்யா, என்னை வேகவெக்கப் போறியா?" என்றாள் ஃப்ளோரா.

"இன்ஜின் சூட்டை நாம வாங்கிக்கினா அது தப்பிச்சுக்கும்மே. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"தண்ணியே அளந்துதான் குடிக்கச் சொல்லிக்கீறாங்க. வேர்வைலயாவது போவுட்டும் வுடு."

வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் முகமெல்லாம் சாம்பல் அப்பியிருந்தது. அதன் ஃபேன் அசையவே இல்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று போதும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. மூடியைத் தொடவில்லை, கொதிநீர் முகத்தில் அடிக்கும். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலே செத்திருக்க வேண்டும். ஹாரனுக்கும் அதே மாதிரி ரிலே ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அதைப் பிடுங்கி இதில் செருகிவிட்டுச் சாவியைத் திருகினார். ஃபேன் சுற்றியது. ஹாரன் போச்சு.

லாரிகளுக்கு நடுவே ஹாரன் இல்லாமல் எப்படிப் போவது? ஃப்ளோரா ஜன்னலுக்கு வெளியே, டயாலிசிஸ் ஊசி குத்தாத கையை நீட்டிக் கதவைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"யோவ், ஒத்திக்கோ! வண்டி வந்துகினு கீது!"

தண்டையார்பேட்டை வருவதற்குள் தொண்டை கட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஐரீன் கையைப் பிசைந்தாள். "நேரமாயிடுச்சுன்னு உங்க மெஷின்ல வேற ஆளைப் போட்டுட்டோம்க்கா. மத்தியானம் ஒண்ணு காலியாவும். இருக்கீங்களா?"

"வேற எங்க போவப் போறோம்?" என்று ஃப்ளோரா பெஞ்சில் சாய்ந்துகொண்டாள். கணவர் முகத்தைப் பார்த்ததும், "இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கிவெச்சுக்கினு கீறே? நீயும் ஆளுதானே, இரும்பா? போய் கொஞ்ச நேரம் படு" என்றாள்.

அவர் வண்டிக்குப் போனார். வாட்ச்மேனிடம் ஒரு வாளி வாங்கி, ஆறிய ரேடியேட்டரின் பின்பக்கமிருந்து மெல்லத் தண்ணீர் ஊற்றினார். அழுத்தி அடித்தால் தகடு மடங்கிவிடும். சாம்பல் தண்ணீர் கருப்பாக வழிந்து, பிறகு வெளுத்தது.

மத்தியானம் அவளைக் கூப்பிட்டார்கள். கதவு வரை கைபிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்து, வண்டியின் நாலு கதவையும் திறந்துபோட்டுப் பின்சீட்டில் படுத்தார். படுத்ததுதான் தெரியும், தூங்கிவிட்டார்.