வைகுண்டராஜ் ஆசாரிக்கு வந்த மிஷின்

மார்க்கையன்கோட்டையில வைகுண்டராஜ் ஆசாரி செஞ்ச கதவு இல்லாத தெரு கிடையாது. எங்க வீட்டு நெல்லு ரூமுக் கதவு முப்பது வருசமா அசையாம நிக்குது, அவரு கை வேலைதான். அந்த மனுசன் கூரைக்கு ஓடு மாத்துற வேலைக்குப் போன இடத்துல ஏணியில இருந்து விழுந்து, வலது தோள்பட்டை இறங்கிப்போச்சு. உளி பிடிப்பாரு, ரம்பம் மெதுவா இழுப்பாரு. பலகையைச் சீவி வழவழப்பாக்குற இழைப்புளியை மட்டும் தள்ள முடியலை. இழைக்க முடியாத ஆசாரிக்கு எவன் வேலை குடுப்பான்? அவரு சம்சாரம் அன்னத்தாய், தேனி மில்லுல வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வச்சுட்டா.

"ஒரு மாசம் பொறு. அதுக்குள்ள வழி பிறக்கலைன்னா காக்கிச்சட்டையை மாட்டிக்கிறேன்"னு சொன்னாரு ஆசாரி.

வழி கம்ப்யூட்டர்ல வந்துச்சு. ரெண்டாயிரத்துப் பத்து அது. ஆசாரி மக தேவயானி தேனியில கம்ப்யூட்டர் கடையில வேலை பார்த்தா. அவதான் படத்தைப் பார்த்து, இழைக்கிற மிஷினுக்கு ஆர்டர் போட்டா. ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் அப்பத்தா; கடை எங்கன இருக்குன்னு அவகிட்ட கேட்டேன். "கடையே கிடையாது அப்பத்தா"ன்னா. கடை இல்லாம எப்படிடி விப்பாக? தொட்டுப் பார்க்காம ஒரு முருங்கைக்காய்கூட நான் வாங்குனதில்லை.

பெட்டி வந்த அன்னைக்கே என் வாசக்கதவுக்கான பலாப் பலகையோட போய் நின்னேன். ரெடிமேடு கதவு போதும்னு என் மகன் சொன்னதை நான் காதுல வாங்கலை.

ஆசாரி மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வச்சு சூடம் காட்டுனாரு. அவுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது ஆயுதம் வந்தா விளக்கெண்ணெய் தடவித்தான் வேலையைத் தொடுவாக. எண்ணெய் பட்டா இழைப்புளி மரத்து மேல வழுக்கிக்கிட்டு ஓடும். அதே நினைப்புல மிஷினுக்கும் கை போன இடமெல்லாம் தடவிட்டாரு.

இந்தப் பக்கம் பலகையை விட்டா, உருளை இழுத்துக்கிட்டுப் போகணும். உள்ள சுத்துற ரெண்டு பிளேடும் சீவி அந்தப் பக்கம் தள்ளணும். எங்க பலகை பாதியில நின்னு தீஞ்ச வாடை அடிச்சுச்சு. இடது கையால நெட்டித் தள்ளுனதும் வெளிய வந்துச்சு, வரப்பு வரப்பா.

"ஆசாரி, நான் கேட்டது கதவு. துணி துவைக்கிற கல்லு வீட்டுல இருக்கு"ன்னேன்.

தேவயானி கம்பெனிக்கு போன் போட்டா. முதல்ல இந்தி, பெறகு இங்கிலீசு, பெறகு பாட்டு. கடைசியில, ஆளை அனுப்புறோம், நீங்க கழட்டாதீகன்னு சொன்னாக. திருகாணி மேல வெள்ளியா ஒரு ஸ்டிக்கர்; அது கிழிஞ்சா கேரண்டி போச்சாம். நாள் ஓடுச்சு. திங்கக்கிழமை வேலைக்கு வரச்சொல்லி மில்லுல இருந்து தகவல் வந்துருச்சு.

எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளலை. தினம் போய் மிஷினைப் பார்ப்பேன். ஆசாரியும் அதை ஓட்டிவிட்டு, தலையைச் சாச்சுக் கேட்டுக்கிட்டே இருப்பாரு.

"ஆத்தா, சத்தத்தைக் கவனிங்க. ரெண்டு பிளேடு கடிக்கிற சத்தம் இல்ல இது. ஒண்ணுதான் கடிக்குது."

எனக்கு ஓன்னு ஒரே இரைச்சல்தான்.

சனிக்கிழமை மதுரையில இருந்து மெக்கானிக் விஜய்ராஜ் வந்தான். உருளையில விரலை வச்சதும் மூஞ்சி சுருங்கிருச்சு.

"என்னண்ணே, தாளிச்சு வச்சிருக்கீங்க? இது ரப்பர். எண்ணெய் பட்டா வழுக்கும், மரத்தை எப்படி இழுக்கும்? உங்க தப்புன்னுதான் ரிப்போர்ட்டுல எழுதுவேன், கேரண்டி கிடைக்காது."

அன்னத்தாய் தலையில அடிச்சுக்கிட்டா. "பச்சப் பிள்ளைக்குத் தேய்ச்ச மாதிரி தேய்ச்சீகளே!"

எண்ணெயே தடவலைன்னு சொல்லுன்னு நான் அவரு காதுல ஓதுனேன். மனுசன் கேட்கலை.

"தடவுனேன் தம்பி, எழுதிக்கங்க. சோப்புத்தண்ணி தொட்டுத் துடைச்சுருவோம். அதுக்கப்பறமும் வரி விழுந்தா, அதையும் எழுதணும்."

துடைச்சாக. பலகை நிக்காம ஓடுச்சு. ஆனா வரி அப்படியே இருந்துச்சு.

"மரம் பச்சை"ன்னான் விஜய்ராஜ்.

எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "ஏலே, என் வீட்டு மரம்டா அது. அறுத்துப் போட்டு ரெண்டு வருசம் காய்ஞ்சது. பச்சையாம்ல!"

ஆசாரி பிளக்கைப் பிடுங்குனாரு. மரத்துல கோடு போட நூலை முக்குற செங்காவியைக் குழைச்சு, தூள் வெளிய வர்ற சந்து வழியா ரெண்டு பிளேடு விளிம்புலயும் குச்சியால பூசுனாரு. காயவிட்டு ஒரே ஒரு பலகையை ஓட்டுனாரு. மறுபடி பிளக்கைப் பிடுங்கிட்டு, "இப்ப எட்டிப் பாருங்க"ன்னாரு.

நாலு தலையும் முட்டிக்கிருச்சு. ஒரு பிளேடு விளிம்பு காவி போய்ப் பளபளன்னு இருக்கு. இன்னொண்ணுல வச்ச காவி வச்சபடி இருக்கு.

விஜய்ராஜ் இன்னும் குனிஞ்சு பார்த்தான். "இது மரத்தையே தொடலையேண்ணே"ன்னான். "மாட்டும்போதே முடியளவு இறங்கி உட்கார்ந்திருக்கு. எங்காளுக தப்பு." அந்த ஸ்டிக்கரை அவனே கிழிச்சான். பிளேடை ஏத்தி முறுக்குனான். எண்ணெய் ஆசாரி தப்பு, பிளேடு கம்பெனி தப்புன்னு ரெண்டையும் எழுதி, வாசிச்சும் காட்டுனான்.

அடுத்து விட்ட பலகை வெளிய வந்ததும், ஆசாரி இடது உள்ளங்கையால அந்தக் கடைசியில இருந்து இந்தக் கடைசிவரை தடவுனாரு. ஒரு இடத்துலயும் கை நிக்கலை.

"மில்லுக்காரகளுக்கு என்ன சொல்லட்டும்?"னு அன்னத்தாய் கேட்டா.

"வேற ஆளைப் பார்த்துக்கிறச் சொல்லு"ன்னாரு, திரும்பாமலே.

அடுத்த பலகையை நானே தூக்கிக் குடுத்தேன்.