அப்பா வைக்காத கைநாட்டு

தலைவர் வாழ்ந்த வீட்டை நினைவகம் ஆக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுனாமிக்கு அடுத்த வருஷம் மகன் என்னை வேனில் அழைத்துப் போனான். மரக்காணம் உப்பளத்துக் கூலிக்காரர்களுக்காக மனு எழுதியே காலத்தைக் கழித்த மனிதர் அவர். மூக்குக்கண்ணாடி, துணிப்பை, கைப்பிடி தேய்ந்த நாற்காலி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவள், கடைசிக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு பழுப்புக் காகிதம். அதில் வரிசையாகக் கட்டைவிரல் ரேகைகள், பக்கத்தில் பெயர்கள். வீட்டுமனை கேட்டு எங்கள் ஆட்கள் கொடுத்த மனு. இரண்டு படி எழுதி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வது தலைவரின் வழக்கம்.

மகன் பெயர்களை வாசித்துப் பார்த்தான். "ஏம்மா, தாத்தா பேரு இதுல இல்லையே?"

"உங்க தாத்தா கைநாட்டு வைக்கிற ஆளு இல்லடா" என்றேன்.

அந்த மனு எழுதிய அன்று நானும் இதே கூடத்தில்தான் இருந்தேன். எட்டு வயது. மூன்றாம் வகுப்பு, அதோடு என் படிப்பும் சரி. என் அப்பா கையெழுத்துப் போடுவார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்து வைத்திருந்தேன். அதைக் கேட்ட சிநேகிதி ஒருத்தியும் அன்றைக்குத் தன் அப்பாவோடு வந்திருந்தாள். எங்கள் முறை வந்தது. உப்பு வாரி வெடித்துப்போன கட்டைவிரலை அப்பா மைப்பெட்டிக்குக் கொண்டுபோனார். அவள் என்னையே பார்த்தாள்.

"எங்கப்பாவுக்குக் கையெழுத்து போடத் தெரியுங்க" என்றேன்.

தலைவருக்கு ஒரே சந்தோஷம். "அப்படியா? இந்தாய்யா, போடு" என்று தன் பேனாவையே நீட்டினார்.

"ஏம்பா, எங்களுக்குத் தெரியாம எப்ப பள்ளிக்கூடம் போன?" என்று பின்னால் ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். என்னை ஒரு தரம் பார்த்தார். "கை நடுங்குதுங்க. ரெண்டு நாள்ல வந்து போட்டுடுறேங்க" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் சிலேட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். திட்டவில்லை. தன் பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். வேலை முடிந்து வந்த நேரமெல்லாம் எழுதி எழுதி அழித்தார். மூன்றாம் நாள் இருவரும் போனபோது மனு கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டிருந்தது. "லேட்டா வந்துட்டியேப்பா. அடுத்த தடவை பாக்கலாம்" என்றார் தலைவர். அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை. கைநாட்டு வைத்தவர்கள் மனை கிடைத்து மேட்டுப்பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் பள்ளத்துக் குடிசையிலேயே இருந்தோம். மழைக்கு மழை தண்ணீர் உள்ளே வந்தது.

அந்த மூன்றாம் நாள் தலைவர் வீட்டிலிருந்து திரும்பும் வழியில், உப்புப் பாத்தி ஓரம் அப்பா குனிந்து, ஈர மண்ணில் விரலால் தன் பெயரை எழுதினார். "சரியா இருக்குதா பாரு" என்றார். ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. போட்டுக் கொடுத்தேன். விட்டுப்போனது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, துள்ளிக் குதித்து அவருக்கு முன்னால் நடந்தேன்.